பதினோரு புதன்கிழமைகள்: மகளின் பள்ளிச் சாப்பாட்டுக் கூடம் பற்றி

எங்கள் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். இந்தப் பருவத்திலிருந்து அவள் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தைப் புதிதாக ஒரு குழு எடுத்து நடத்துகிறது. பெற்றோரில் முடிந்தவர்கள் வாரம் ஒரு நாள் மதியம் வந்து பரிமாற உதவலாம் என்று சுற்றறிக்கை வந்தது. நான் பெயர் கொடுத்தேன், புதன்கிழமை கிடைத்தது. மொத்தம் 11 புதன்கிழமைகள் கையில் கரண்டியோடு நின்றிருக்கிறேன். பள்ளி தேடும்போது கட்டடத்தைப் பார்க்கிறோம், மைதானத்தைப் பார்க்கிறோம், தேர்ச்சி விகிதத்தை விசாரிக்கிறோம். பிள்ளைகள் சாப்பிடும் இடத்துக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. நானும் அன்றைக்குப் பார்க்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மதிப்பெண் வேண்டுமென்றால் ஐந்துக்கு நான்கு. சாப்பாட்டுக்கும் பரிமாறும் விதத்துக்கும் மனதார முழு மதிப்பெண் கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது நேரத்துக்காக. அதைப் பிறகு சொல்கிறேன்.

பழைய கேன்டீன் எப்படி இருந்தது என்று சொன்னால்தான் மாற்றம் புரியும். உள்ளே நுழைந்ததும் பணம் கட்டும் மேசை. அதன் மேலே சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். பக்கத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஃப்ரிட்ஜில் வண்ண வண்ணமாகக் குளிர்பானங்கள். எட்டு வயதுப் பிள்ளையின் கண் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கும். காய்கறி வரிசையின் கடைசியில் ஓர் ஆழமான பாத்திரத்தில் கிடக்கும். பிள்ளைகள் எக்கிப் பார்த்தாலும் உள்ளே இருப்பது தெரியாது. பத்து நிமிடம் வரிசையில் நின்று பசித்துப்போன குழந்தை எதைக் கேட்கும்? அதைத்தான் கேட்டாள் என் மகள். நாங்கள் அதை அவளுடைய பிடிவாதம் என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம்.

உலகச் சுகாதார நிறுவனம் சர்க்கரை பற்றி 2015-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவிலும் பானத்திலும் சேர்க்கப்படும் சர்க்கரை, ஒரு நாளைக்குக் கிடைக்கும் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது அதன் சாரம். தேனிலும் பழச்சாற்றிலும் இருக்கும் சர்க்கரையும் இந்தக் கணக்கில் வரும். 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கு அந்த 5 சதவீதம் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. 330 மில்லி கோலா டின் ஒன்றிலேயே ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கும். பெரியவர்களைவிடக் குறைவாகச் சாப்பிடும் என் மகள் வாரத்தில் மூன்று நாள் அப்படி ஒன்றைக் குடித்துவிட்டு, டிபன் பாக்ஸைப் பாதியோடு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

புதிய குழு முதலில் மாற்றியது சமையலை என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை, அவர்கள் முதலில் மேசைகளை நகர்த்தினார்கள். பணம் கட்டும் மேசை வெளியே தாழ்வாரத்துக்குப் போய்விட்டது. வரிசையின் தொடக்கத்தில் இப்போது பழம் இருக்கிறது, அதுவும் நறுக்கியது. முன்பற்கள் விழுந்த பிள்ளைகள் முழு ஆப்பிளைக் கடித்துத் தின்னச் சிரமப்படும் என்பதை யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார். மழலையர் வகுப்புக்குத் திராட்சையை நீளவாக்கில் பிளந்து வைக்கிறார்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளக் கூடாது என்று. காய்கறிப் பாத்திரங்கள் அகலமாக, தாழ்வாக இருக்கின்றன. பெஞ்சுகளில் சிறியவர்களின் கால் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது, அதற்கும் கீழே ஒரு பலகை அடித்திருக்கிறார்கள். கால் ஊன்ற இடம் கிடைத்ததும் பிள்ளைகள் நெளியாமல் உட்காருகிறார்கள். இதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் தண்ணீர். கூடத்தின் இரண்டு பக்கமும் குழாய், ஒவ்வொரு பக்கமும் இரண்டு உயரத்தில். குளிர்பானப் பெட்டி போய்விட்டது, பழச்சாறும் இல்லை. தண்ணீரும் பாலும் மட்டும். ஒரு குழாயைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஜெர்மனியில் டோர்ட்முண்ட், எசன் நகரங்களின் 32 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதிப் பள்ளிகளில் குடிநீர்க் குழாய் வைத்து, தண்ணீர் குடிப்பதைப் பற்றி நாலைந்து பாடங்களும் நடத்தினார்கள். ஒரு கல்வியாண்டின் முடிவில் அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தார்கள். அதிக எடை ஏற்படும் வாய்ப்பு மற்றப் பள்ளிகளைவிட 31 சதவீதம் குறைவாக இருந்தது. ஆய்வு வெளிவந்தது 2009-ல். குழாய் வைப்பது ஒரு முறை செலவு. இதைச் செய்யாமல் இருப்பதற்கு எந்தப் பள்ளியும் நல்ல காரணம் சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

சாப்பாட்டின் ருசியைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது சாப்பாட்டுக் கூடத்தின் விமர்சனம் அல்லவா. 11 வாரமும் நான் அங்கேயேதான் சாப்பிட்டேன். உப்பு மட்டு, எண்ணெய் மட்டு, ஆனால் சப்பென்று இல்லை. காய் நிறம் மாறும் அளவுக்கு வேகவைப்பதில்லை. பருப்பு, பயறு, முட்டை என்று ஏதாவது ஒரு புரதம் தினமும் இருக்கும். இரண்டு முறை கேரட் சரியாக வேகவில்லை. ஒரு முறை சாப்பாடு ஆறிப்போய் வந்தது. இதைவிட மோசமாக நான் வீட்டிலேயே சமைத்திருக்கிறேன்.

இந்தக் கூடத்தின் உண்மையான பலம் பரிமாறும் அக்கா. பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் அக்காதான், எனக்கும் அப்படியே ஆகிவிட்டார். முதல் புதன்கிழமை நான் ஒரு பையன் தட்டில் அவன் கேட்காமலே பீன்ஸ் வைத்துவிட்டேன். அவன் முகம் சுருங்கியது. அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். "சார், ரெண்டே கேள்விதான். வேணுமா? எவ்வளவு? அதுக்கு மேல நம்ம பேசக்கூடாது."

அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையையே மாற்றிவிட்டது. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் இதைப் பொறுப்புப் பகிர்வு என்று விளக்கியிருக்கிறார். என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்களின் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. அக்கா அவர் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். மூன்று பிள்ளைகளை வளர்த்த அனுபவத்தில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்.

வரிசையில் சின்னச் சின்னக் கிண்ணங்கள் இருக்கும், ஒரு வாய் அளவுக்குத்தான் பிடிக்கும். புதிதாக ஒரு காய் வரும் நாளில் அதில் கொஞ்சம் வைப்பார்கள். எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். வாயில் போட்டுப் பிடிக்கவில்லை என்றால் காகிதத்தில் மறைத்துத் துப்பிவிடலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். துப்பலாம் என்ற அனுமதிதான் பிள்ளைகளுக்குத் தைரியம் கொடுக்கிறது. வாயில் போட்டால் விழுங்கியே ஆக வேண்டும் என்றால் நானே புதிதாக எதையும் தொட மாட்டேன்.

நான் பீன்ஸ் வைத்து முகம் சுருங்கவைத்த அந்தப் பையனை அதன்பிறகு ஒவ்வொரு புதனும் கவனித்தேன். இரண்டாவது வாரம் கிண்ணத்தைப் பார்த்துவிட்டுப் போனான். மூன்றாவது, நான்காவது வாரமும் அதேதான். ஐந்தாவது வாரம் எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்து, விரலால் உருட்டி, முகர்ந்து பார்த்தான். அடுத்த வாரம் நக்கினான். எட்டாவது வாரம் பாதி பீன்ஸைக் கடித்து மென்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த வேலையைப் பார்த்தான். யாரும் கை தட்டவில்லை. அக்கா கண்ணாலேயே என்னைத் தடுத்துவிட்டார். புதிய உணவு ஒன்றைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டிலிருந்து பதினைந்து முறை வரைகூட அதைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்று குழந்தைகளின் உணவு விருப்பத்தை ஆராய்ந்தவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். வீட்டில் நாம் மூன்றாவது முறையிலேயே "அவளுக்கு இது பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். என் மகளுக்குப் பிடிக்காது என்று நான் முடிவு செய்து வைத்திருந்த பட்டியலில் ஏழு காய்கள் இருந்தன. இப்போது நான்கு.

சரி, எல்லாமே இப்படி அழகாக நடக்கவில்லை.

மூன்றாவது வாரம் சுவரில் ஒரு அட்டவணை வந்தது. தட்டைக் காலி செய்தவர்களுக்கு நட்சத்திரம். பத்து நட்சத்திரம் சேர்ந்தால் பரிசு. நல்ல எண்ணத்தில்தான் ஒட்டினார்கள், குப்பைக்குப் போகும் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும் என்று. அன்று மாலை என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "போதும்னு இருந்துச்சுப்பா, ஆனா நட்சத்திரம் போயிடும்ல." வயிறு நிறைந்ததும் நிறுத்தத் தெரிந்த குழந்தைக்கு அதை மறக்கச் சொல்லிக்கொடுக்கிறோமே என்று மனம் பதறியது.

பள்ளியிடம் எழுதிக் கொடுக்கும்போது வெறும் வருத்தமாகச் சொல்லாமல் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும் என்று தேடினேன். லீன் பர்ச் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 1984-ல் ஒரு சோதனை நடத்தியிருக்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்குச் சுவையூட்டிய ஒரு பால் பானத்தைக் கொடுத்து, அதைக் குடித்தால் பரிசு அல்லது பாராட்டு என்றார்கள். பரிசு வாங்கிய பிள்ளைகளுக்கு நாளடைவில் அந்தப் பானத்தின் மீதான விருப்பம் குறைந்தது. 2006-ல் வந்த இன்னோர் ஆய்வில் சிறு பிள்ளைகளிடம் "சூப்பைக் குடித்து முடி" என்று வற்புறுத்தியபோது, வற்புறுத்தாதபோது குடித்ததைவிடக் குறைவாகத்தான் குடித்தார்கள், சூப்பைப் பற்றிக் குறையாகவும் பேசினார்கள். இதைச் சாப்பிட்டால் அது கிடைக்கும் என்று சொன்னவுடனே, இது நல்லதாக இருக்காது என்று குழந்தை புரிந்துகொள்கிறது.

இரண்டு வாரம் கழித்து அட்டவணையை எடுத்துவிட்டார்கள். அதற்கு இந்தக் குழுவைப் பாராட்ட வேண்டும். தவறைச் சுட்டிக்காட்டியதும் முறைத்துக்கொள்ளாமல் கேட்டார்கள். வீணாவதைக் குறைக்க இப்போது வேறு வழி: முதலில் குறைவாக வாங்கு, வேண்டுமென்றால் மறுபடி வா. இரண்டாம் முறை வருபவர்களுக்குத் தனி வரிசை, அதனால் காத்திருக்க வேண்டியதில்லை. மிச்சம் விழும் தொட்டியைத் தினமும் எடை போட்டு எழுதுகிறார்கள், பிள்ளைகளுக்காக அல்ல, சமையலறைக்காக. எந்த நாள் மிச்சம் கூடியதோ அந்த நாளின் சமையலைத் திருத்துகிறார்கள்.

அதே சுவரில் சிவப்பு, பச்சை என்று இரண்டு பாதியாகப் பிரித்த ஒரு போஸ்டரும் இருந்தது. பச்சைப் பக்கம் நல்ல உணவு, சிவப்புப் பக்கம் கெட்ட உணவு. அதைப் படித்துவிட்டு வந்த என் மகள், ஒரு தோழியின் பிறந்தநாளில் கொடுத்த கேக்கைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். கெட்டதைத் தின்றால் தானும் கெட்டவள் ஆகிவிடுவோம் என்பது போல ஒரு பயம். எட்டு வயதில் அந்தப் பயம் வரவே கூடாது. இப்போது அந்த இடத்தில் "இன்றைக்கு என்ன" என்று ஒரு பலகை. அன்றைய சாப்பாட்டை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வண்ணத்தில் வரைகிறார்கள். கத்தரிக்காய்க்குத் தொப்பி போட்டதுபோல் ஒரு நாள் வரைந்திருந்தார்கள், எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இங்கே ஒரு விஷயம். பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், ஆப்பிள் மேல் கார்ட்டூன் ஸ்டிக்கர் ஒட்டினால் பிள்ளைகள் அதிகமாக எடுப்பார்கள் என்று ஆய்வு சொல்கிறதே, செய்யலாமே என்றார். அமெரிக்காவில் அப்படி ஓர் ஆய்வு 2012-ல் வந்து பெரிதாகப் பேசப்பட்டது உண்மைதான். ஆனால் 2017-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 8 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் நடந்ததாக எழுதியிருந்தது உண்மையில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளிடம் நடந்திருந்தது. ஸ்டிக்கரால் கெடுதல் இல்லை. ஆனால் அதில் செலவழிக்கும் அக்கறையை வேறு இடத்தில் வைக்கலாம். அந்த வேறு இடம்தான் நேரம், நான் மதிப்பெண் குறைத்த இடம்.

மதிய உணவுக்கு மணி அடிப்பதற்கும் அடுத்த மணிக்கும் இடையே 30 நிமிடம். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்றாவது புதன்கிழமை போனில் நேரம் பார்த்துக் குறித்தேன். வகுப்பிலிருந்து நடந்து வர நான்கு நிமிடம். கை கழுவ மூன்று. வரிசை முன்னால் இருப்பவர்களுக்கு ஒன்றுமில்லை, கடைசியில் இருப்பவர்களுக்கு 14 நிமிடம். அன்று கடைசியாக உட்கார்ந்த சிறுமிக்குச் சாப்பிடக் கிடைத்தது 9 நிமிடம். அவள் முதலில் காலி செய்தது எதை? மெல்ல வேண்டாத, சட்டென்று வயிற்றுக்குள் போகிற சாதத்தை. காயும் பழமும் அப்படியே தொட்டிக்குப் போயின. வேண்டாம் என்று அவள் ஒதுக்கவில்லை. மணி அடித்துவிட்டது.

மாசசூசெட்ஸ் மாநிலப் பள்ளிகளில் செய்து 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத்தான் அளந்தது. உட்கார்ந்து சாப்பிட 20 நிமிடத்துக்கும் குறைவாகக் கிடைத்த பிள்ளைகள், குறைந்தது 25 நிமிடம் கிடைத்தவர்களைவிடத் தட்டில் வாங்கிய முக்கிய உணவில் 13 சதவீதமும், காய்கறியில் 12 சதவீதமும், பாலில் 10 சதவீதமும் குறைவாகச் சாப்பிட்டார்கள். பழத்தை எடுப்பதே குறைந்தது. நல்ல சமையலை வைத்துக்கொண்டு நேரத்தைக் கொடுக்காவிட்டால், சமைத்த உழைப்பில் ஒரு பங்கு குப்பைக்குத்தான் போகும்.

இதையும் எழுதிக் கொடுத்தேன், இன்னும் சில பெற்றோரும் கையெழுத்துப் போட்டார்கள். இப்போது சிறிய வகுப்புகளை ஐந்து நிமிடம் முன்னதாக அனுப்புகிறார்கள், வரிசையையும் இரண்டாக்கினார்கள். கடைசியாக உட்காரும் சின்னக் குழந்தைக்கும் இப்போது 21 நிமிடம் கிடைக்கிறது. ஐந்தாம் வகுப்பில் கடைசியாக வருபவர்களுக்கு இன்னும் 14 தான். வளரும் வயதில் இருப்பவர்கள் அவர்கள்தான், அதிகம் பசிப்பதும் அவர்களுக்குத்தான். மொத்த இடைவேளையைப் பத்து நிமிடம் நீட்டாமல் இது தீராது. கால அட்டவணையில் இடமில்லை என்கிறது நிர்வாகம். சாப்பாட்டுக் குழுவின் கையில் இது இல்லை என்பது தெரிகிறது. ஆனால் பிள்ளைகளின் தட்டில் தெரிவது இதன் விளைவுதானே. அதனால் மதிப்பெண்ணைக் குறைக்காமல் இருக்க முடியவில்லை.

செலவே இல்லாத இன்னொரு மாற்றத்தையும் கேட்டிருக்கிறோம். இப்போது சாப்பாடு முதலில், விளையாட்டு பிறகு. மைதானத்தில் இடம் பிடிக்க வேண்டும் என்று பையன்கள் இரண்டு வாயில் எழுந்து ஓடுகிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சில தொடக்கப் பள்ளிகள் விளையாட்டை முன்னால் வைத்துப் பார்த்தன. பிள்ளைகள் பழமும் காயும் சாப்பிடுவது 54 சதவீதம் கூடியது. எல்லா ஊரிலும் அதே அளவு கூடும் என்று நான் சொல்லவில்லை. ஓடியாடி வந்த பிள்ளைக்குப் பசிக்கும், எழுந்து ஓட அவசரமும் இருக்காது. ஒரு மாதம் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒவ்வாமை பற்றி ஒரு வார்த்தை. என் மகளின் தோழிக்கு நிலக்கடலை ஆகாது. சின்னத் துளி பட்டாலே மூச்சு முட்டும் அளவுக்கு. கூடத்தில் அன்றைய ஒவ்வொரு உணவிலும் என்ன கலந்திருக்கிறது என்று எழுதி வைக்கிறார்கள், ஆனால் பெரியவர்கள் படிக்கும் உயரத்தில். ஆறாவது வாரம் ஒரே கரண்டி இரண்டு பாத்திரத்துக்குப் போனதை நான் பார்த்தேன். சொன்னவுடன் இரண்டு பாத்திரத்தையும் எடுத்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து கைப்பிடியில் நிறம் சுற்றிய தனிக் கரண்டிகள். அந்தக் குழந்தையைத் தனி மேசையில் ஒதுக்கி உட்கார வைக்காமல் தோழிகளோடு உட்கார வைத்திருப்பதற்கு அவள் அம்மா கண் கலங்கி நன்றி சொன்னார். எச்சரிக்கைப் பலகையைக் கீழே இறக்கி, படங்களோடு வைத்தால் பிள்ளைகளே படித்துத் தோழிக்குச் சொல்வார்கள்.

ஆசிரியர்கள் பெரும்பாலும் கூடத்தில் நின்றபடி சத்தத்தை அடக்குகிறார்கள். ஒரே ஒரு ஆசிரியை மட்டும் தட்டோடு வந்து பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவார். அந்த மேசையில் சத்தம் குறைவு, தட்டில் மிச்சமும் குறைவு. ஸ்வீடனில் இப்படி ஆசிரியர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்குத் தனிப் பெயரே உண்டு, கல்வி உணவு என்று. ஜப்பானில் பள்ளி மதிய உணவுக்கென்று 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. அங்கே வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு பரிமாறுவது பிள்ளைகள்தான். பின்லாந்து 1948-லிருந்து பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் இலவச மதிய உணவு கொடுக்கிறது. அந்த நாடுகளில் மதியச் சாப்பாடு பாடத்துக்கு நடுவில் வரும் இடைஞ்சலாக இல்லை, அதுவும் ஒரு பாடமாக இருக்கிறது. எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரிமாற ஆசைப்படுகிறார்கள். விடுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதற்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நேரடியாகத் தொடர்பில்லை. ஆனால் இந்தக் கூடத்தின் மீது எனக்கு இவ்வளவு மரியாதை வந்ததற்குக் காரணம் இதுதான்.

எட்டாவது புதன்கிழமை, எல்லோரும் போன பிறகு அக்கா என்னை ஓரமாக அழைத்தார். "பாப்பா பத்து நாளா ரொம்பக் கம்மியா வாங்குறா சார். கேட்டா போதும்ங்கிறா. முகம் சரியில்ல. வீட்ல பாருங்க." எனக்குத் தெரியவே இல்லை. இரவுச் சாப்பாட்டிலும் குறைத்துக்கொண்டிருந்தாள், நான் வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை. அன்று இரவு பக்கத்தில் படுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டபோது, நேரம் எடுத்து, சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அப்பா, நான் குண்டா?"

வகுப்பில் சராசரி கண்டுபிடிக்கும் கணக்குக்காக எல்லோரையும் எடை பார்த்து, பெயரோடு பலகையில் எழுதியிருக்கிறார்கள். இவள் எடை இரண்டாவது. ஒரு பையன் சிரித்திருக்கிறான். அவ்வளவுதான் நடந்தது. பத்து நாளாக அதை மனதில் வைத்துக்கொண்டு ஒரு எட்டு வயதுக் குழந்தை தன் பசியோடு சண்டை போட்டிருக்கிறாள்.

நான் அவளிடம் நிறையப் பேசவில்லை. உன் உடம்பு வளருகிறது, அதற்குச் சாப்பாடு வேண்டும், பசித்தால் சாப்பிடு என்று மட்டும் சொன்னேன். குண்டு இல்லை என்று சொல்லவில்லை, குண்டாக இருந்தால் அது குறை என்று ஆகிவிடுமே. மறுநாள் ஆசிரியையிடம் பேசினேன். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, கேட்டதும் முகம் வாடிப்போனார். அடுத்த வாரம் அதே கணக்கைப் பள்ளிப் பைகளை எடை போட்டுச் செய்தார்களாம். யார் பை கனம் என்று பிள்ளைகள் உற்சாகமாகப் போட்டி போட்டார்கள் என்று மகள் வந்து சொன்னாள். பிள்ளைகளின் எடையை மற்றவர்கள் முன் பேசக் கூடாது என்று எல்லா ஆசிரியர்களுக்கும் சுற்றறிக்கை போகும் என்று பள்ளி சொல்லியிருக்கிறது. போனதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நானூறு பிள்ளைகளுக்குப் பரிமாறுகிற ஒருவர், ஒரு குழந்தை கரண்டி அளவைக் குறைத்ததைக் கவனித்திருக்கிறார். அவரைக் கவனிக்க விடுகிற அளவுக்கு அந்தக் கூடம் அமைதியாக இருந்திருக்கிறது. பணம் எண்ணிக்கொண்டும் சில்லறை தேடிக்கொண்டும் இருந்திருந்தால் அவருக்கு அது தெரிந்திருக்காது. இப்போது மறுபடி யோசித்தால், பணம் கட்டும் மேசையை வெளியே நகர்த்தியதுதான் இந்தக் குழு செய்த மிகப் பெரிய காரியம் என்று படுகிறது.

கூடத்துக்கு வெளியே பழைய பழக்கங்கள் அப்படியே இருக்கின்றன. சரியான பதில் சொன்னால் மிட்டாய். விளையாட்டு நாளில் குளிர்பானக் கடை. நிதி திரட்ட வேண்டுமென்றால் கேக் விற்பனை. ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்ன விஷயம்தான், யாரும் வில்லன் இல்லை. ஆனால் ஒரு வாரத்தில் என் மகளுக்குப் பள்ளியில் எத்தனை முறை இனிப்பு கிடைத்தது என்று எண்ணியபோது ஒன்பது வந்தது. மிட்டாய்க்குப் பதில் வகுப்பில் முதலில் வரிசையில் நிற்கும் உரிமை, அல்லது ஐந்து நிமிடம் கதை கேட்பது என்று மாற்றலாம் என்று சொல்லியிருக்கிறோம். இரண்டு வகுப்பில் தொடங்கியிருக்கிறார்கள்.

அடுத்த பருவத்துக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். புதன் கிடைக்கவில்லை, திங்கள்தான் காலியாக இருந்தது. அந்தப் பையன் திங்களன்று எந்த வரிசையில் வருவான் என்று அக்காவிடம் கேட்டேன். அன்றைக்கு பீன்ஸ் கிடையாது, பீட்ரூட் என்றார்.